1000 யார்டுக்கு எது: டிக்கா டாக் ஏ1, பெர்கரா எச்.எம்.ஆர்., ரூகர் பிரிசிஷன்?

எட்டுக்கொன்று
வணக்கம். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே போட்டிக்கு எடுத்துப் போகக்கூடிய ஒரு போல்ட் ரைஃபிளுக்கு (ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளும் வகை) ஆலோசனை வேண்டும். பயன்பாடு இரண்டு. ஒன்று, மாதாமாதம் நடக்கும் கிளப் அளவிலான பி.ஆர்.எஸ். (பிரிசிஷன் ரைஃபிள் சீரிஸ்) போட்டி: இரும்புத் தகடுகள், 300 முதல் 1000 யார்டு, நிலை மாற்றி மாற்றிச் சுடுவது. இன்னொன்று, 1000 யார்டு எஃப்-கிளாஸ், அதாவது படுத்தபடி தாங்கியில் வைத்து ஸ்கோப் வழியே சுடும் காகித இலக்கு. தோட்டா வகை 6.5 கிரீட்மூர் என்று முடிவு செய்தாயிற்று. பட்டியலில் இருப்பவை தலைப்பில் உள்ள மூன்றும். மூன்றுக்கும் ட்விஸ்ட் 1:8 (பேரலின் உள்வரி 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று). இணையத்தில் பார்க்கும் படங்களில் மூன்றுமே மூன்று குண்டுக்கு அரை எம்.ஓ.ஏ. சிதறல் காட்டுகின்றன (1 எம்.ஓ.ஏ. என்பது 100 யார்டில் ஏறக்குறைய ஓர் அங்குலம்). இதை வைத்து எப்படித் தேர்ந்தெடுப்பது? பணம் சேர்த்து ஏ.ஐ. (ஆக்யூரசி இன்டர்நேஷனல்) ஏ.டி-எக்ஸ் அல்லது சாக்கோ டி.ஆர்.ஜி. 22 வாங்கினால் கூடுதலாக என்ன கிடைக்கும்?

மணற்பை
அந்தப் படங்களை முதலில் ஓரம் வையுங்கள். மூன்று குண்டு குரூப்பை (ஒரே குறிக்குச் சுட்ட குண்டுகள் பட்ட கூட்டத்தை) வைத்து இரண்டு ரைஃபிள்களை ஒப்பிடவே முடியாது.

ஒரே ரைஃபிள், ஒரே தோட்டா, ஒரே ஆள். எண்ணிக்கை கூடக் கூட குரூப்பின் விரிவு கூடும். சிதறலின் அடிப்படை அளவை ஒன்று என்று வைத்தால், மூன்று குண்டின் சராசரி விரிவு 2.4, ஐந்துக்கு 3.07, பத்துக்கு 3.8, இருபதுக்கு 4.4. மூன்று குண்டில் சராசரியாக 0.6 எம்.ஓ.ஏ. சுடும் ரைஃபிள், ஐந்தில் 0.77, பத்தில் 0.95, இருபதில் 1.1 சுடும். ரைஃபிள் கெடவில்லை, அதன் உண்மையான அளவு அதுதான்.

இன்னொன்று, மூன்று குண்டு குரூப் சராசரியைச் சுற்றி ஏறக்குறைய 37 சதவீதம் அலையும். அந்த 0.6 ரைஃபிள் ஒரு நாள் 0.35 காட்டும், மறுநாள் 0.9 காட்டும். இரண்டுமே இயல்பு. 0.35-ஐப் படம் எடுத்துப் போடுகிறார்கள், 0.9-க்கு "கை ஆடிவிட்டது" என்று காரணம் சொல்லிவிடுகிறார்கள். பத்துக் குண்டு குரூப் குறைந்தது இரண்டு போட்டிருந்தால் மட்டும் அந்த எண்ணை மதியுங்கள்.

இப்படி அளந்தால் நீங்கள் சொன்ன மூன்றும் நல்ல தொழிற்சாலைத் தோட்டாவில் 1 எம்.ஓ.ஏ.யைச் சுற்றித்தான் நிற்கும். தேர்வுக்கான காரணம் துல்லியத்தில் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது.

காற்றுக்கொடி
அந்த வேறு இடம் காற்று. 140 கிரெய்ன் எடையுள்ள இ.எல்.டி-எம் குண்டு, விநாடிக்கு 2710 அடி வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல்மட்டத்தில் 1000 யார்டுக்கு ஸ்கோப்பில் ஏறக்குறைய 9 மில் (1 மில் என்பது தொலைவில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உயர்த்த வேண்டும். குறுக்கே வீசும் காற்றின் வேகத்தில் மணிக்கு ஒவ்வொரு மைலுக்கும் குண்டு 18 செ.மீ.க்குச் சற்று மேல் ஒதுங்கும்.

2 எம்.ஓ.ஏ. தகடு அந்தத் தொலைவில் 53 செ.மீ. அகலம். நடுவிலிருந்து விளிம்பு வரை 26.5 செ.மீ. ஒன்றரை மைல் காற்றைத் தப்பாகக் கணித்தால் 28 செ.மீ., தகடு போய்விட்டது. உங்கள் ரைஃபிள் 0.5 சுட்டாலும் 1 சுட்டாலும் அந்தக் குண்டு தகட்டில் படாது. அதனால்தான் ரைஃபிளுக்கு முன்னால் குண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். நீங்கள் அதைச் செய்துவிட்டீர்கள்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. எஃப்-கிளாஸில் எந்தப் பிரிவு? எஃப்-டி.ஆர். பிரிவில் .223 ரெமிங்டன், .308 வின்செஸ்டர் இரண்டுக்கு மட்டுமே அனுமதி. கிரீட்மூரோடு போனால் எஃப்-ஓபனில்தான் நிற்க வேண்டும். அங்கே 10 கிலோ எடை வரை வைத்து, .284 வின்செஸ்டர் போன்ற 7 மி.மீ. தோட்டாக்களை அகலமான முன் ரெஸ்டில் கிடத்திச் சுடுகிறார்கள். ஐந்து கிலோ ரைஃபிளில் பைபாட் (இருகால் தாங்கி) போட்டு அவர்களோடு புள்ளிக்குப் போட்டியிடுவது கடினம்.

எட்டுக்கொன்று
இது தெரியாது, நன்றி. அப்படியானால் .308-க்கு மாறிவிடலாமா? எஃப்-டி.ஆர்., பி.ஆர்.எஸ். டாக்டிகல் பிரிவு, இரண்டிலும் அது செல்லும் அல்லவா?

வெண்புள்ளி
என் வாக்கு .308-க்கு. சரியாகப் பராமரித்தால் பேரல் 5000 தோட்டாவைத் தாண்டும். கிரீட்மூருக்கு 2000 முதல் 3000 வரைதான். காற்றில் அதிகம் ஒதுங்குவதால் காற்றைப் படிக்கக் கட்டாயமாகக் கற்றுக்கொள்வீர்கள். இரண்டு போட்டியிலும் அதற்கென்றே தனிப்பிரிவும் இருக்கிறது.

காற்றுக்கொடி
பேரல் ஆயுளில் வெண்புள்ளியோடு உடன்படுகிறேன். "கட்டாயமாகக் கற்றுக்கொள்வீர்கள்" என்பதில் உடன்பாடில்லை. 175 கிரெய்ன் மேட்ச்கிங் குண்டு, 2600 அடி வேகத்தில் 1000 யார்டு போய்ச் சேரும்போது ஒலிவேகத்தை ஒட்டி வந்துவிடும். மைலுக்கு 25 செ.மீ. ஒதுங்கும், 11 மில்லுக்கு மேல் உயர்த்த வேண்டும். தவறியது காற்றாலா, வேகச் சிதறலாலா, ட்ரிகரை இழுத்ததாலா என்று புதியவரால் பிரித்துப் பார்க்க முடியாது. எது தப்பு என்று தெரியாமல் எதைக் கற்றுக்கொள்வது?

.308 வாங்குபவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது: 168 கிரெய்ன் மேட்ச்கிங்கை 1000 யார்டுக்குக் கொண்டு போகாதீர்கள். 300 மீட்டர் போட்டிக்காக உருவான குண்டு அது. பின்பக்கச் சரிவு 13 டிகிரி, ஒலிவேகத்தை நெருங்கும்போது நிலை குலையும். 175-இல் அந்தச் சரிவு 9 டிகிரி, அதனால் தாங்குகிறது.

எஃப்-டி.ஆர்.-இல் வெல்பவர்கள் சுடும் .308 முற்றிலும் வேறு வகை. 30 அங்குல பேரல், 185 முதல் 200 கிரெய்ன் நீள் குண்டு, அதற்கேற்ப நீட்டி வெட்டிய த்ரோட் (சேம்பருக்கு அடுத்து முன்னால் உள்ள பேரல் பகுதி), பைபாட்டும் ஸ்கோப்பும் சேர்த்து 8.25 கிலோ. அவர்களுடைய 200 கிரெய்ன் ஹைப்ரிட் குண்டின் ஜி7 எண் (காற்றைக் கிழித்துச் செல்லும் திறனைக் காட்டும் பி.சி. அளவு) 140 இ.எல்.டி-எம்.மின் 0.326-க்குக் கிட்டத்தட்டச் சமம். கடையில் வாங்கும் 24 அங்குல .308-ஐக் கொண்டு பி.ஆர்.எஸ்.-உம் எஃப்-டி.ஆர்.-உம் இரண்டும் சுடலாம் என்பது காகிதத்தில்தான் அழகு.

வெண்புள்ளி
30 அங்குலம் என்றீர்களே, நீளமான பேரல் துல்லியமானது என்ற எண்ணம் இங்கே வந்துவிடக் கூடாது. நீளம் தருவது வேகத்தை மட்டும்தான், அங்குலத்துக்கு விநாடிக்கு 20 முதல் 25 அடி. நீளமான மெல்லிய பேரலைவிடக் குட்டையான தடித்த பேரல் விறைப்பாக இருக்கும். மற்றபடி காற்றுக்கொடி சொன்ன வாதத்தை ஏற்கிறேன். இரண்டில் எது முதன்மை என்று நண்பர் முடிவு செய்துகொள்ளட்டும்.

எட்டுக்கொன்று
பி.ஆர்.எஸ். தான் முதன்மை. கிரீட்மூரிலேயே இருக்கிறேன். எஃப்-கிளாஸ் நாட்களில் பதக்கத்தை நினைக்காமல் ஓபனில் சுடுகிறேன். இனி மூன்று ரைஃபிள்களையும் பிரித்துச் சொல்லுங்கள்.

நீள்குழல்
வரிசையாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

டிக்கா டி3எக்ஸ் டாக் ஏ1: ஃபின்லாந்தின் ரீஹிமாக்கியில், சாக்கோ செய்யும் அதே தொழிற்சாலையில் வருகிறது. போல்ட் வழுவழுப்பில் மூன்றில் இதுதான் முதல். போல்ட்டைப் பூட்டும் பற்களான லக் இரண்டு, கைப்பிடியைத் தூக்கும் கோணம் 70 டிகிரி. ரைஃபிளைத் தடுப்பின் மேல் வைத்துக் குந்தியபடி போல்ட்டை இழுக்கும்போது அது ஆடக் கூடாது. 90 விநாடியில் பத்துக் குண்டு சுட வேண்டிய போட்டியில் இது குரூப் அளவைவிடப் பெரிய விஷயம். குறை மேகசீன். டிக்காவின் சொந்த வடிவம், ஊரெங்கும் கிடைக்கும் ஏ.ஐ.சி.எஸ். வகை நேரடியாகப் பொருந்தாது. உதிரி மேகசீன் விலையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பெர்கரா பி-14 எச்.எம்.ஆர்.: ஸ்பெயினின் பாஸ்க் நாட்டுத் தயாரிப்பு. மோல்டு செய்த ஸ்டாக்குக்குள் அலுமினியச் சட்டம் பதித்திருக்கிறது. ஏ.ஐ.சி.எஸ். மேகசீன் போகும். இதன் பெரிய பலம் ரிசீவர் ரெமிங்டன் 700 அளவில் இருப்பது. ட்ரிகர், சேஸிஸ் (ஸ்டாக்குக்குப் பதிலான உலோகச் சட்டம்), ஸ்கோப் ரயில் எல்லாம் சந்தையில் கொட்டிக் கிடக்கின்றன. போல்ட் தூக்கு 90 டிகிரி, பெரிய ஸ்கோப் போட்டால் விரல் முட்டுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். எடை 4.2 கிலோ அளவில்தான். தோளில் சுமந்து நடப்பவருக்கு நல்லது, தடுப்பின் மேல் வைத்துச் சுடுபவருக்கு அவ்வளவு நல்லதல்ல. பின்னுதைப்பின் ஆற்றல் எடைக்குத் தலைகீழ் விகிதம். ஐந்து கிலோவிலிருந்து பத்து கிலோ ஆக்கினால் உதைப்பு பாதி. சொந்தக் குண்டு தகட்டில் படுவதை ஸ்கோப் வழியே பார்க்க முடிந்தால்தான் அடுத்த குண்டைத் திருத்த முடியும். பி.ஆர்.எஸ்.-காரர்கள் இரும்பையும் பித்தளையையும் கட்டி எடை ஏற்றுவது அதற்காகத்தான்.

ரூகர் பிரிசிஷன்: 2015-இல் வந்தது. சேஸிஸ், மடியும் பின்கட்டை, 20 எம்.ஓ.ஏ. ரயில் எல்லாம் பெட்டியிலேயே இருக்கும். மூன்று லக், 70 டிகிரி. பேரல் ஒரு நட்டால் பிடித்திருக்கிறது, அதனால் தேய்ந்த பேரலை மாற்றுவது மூன்றிலும் இதில்தான் சுலபம். மாற்றியபின் கோ, நோ-கோ கேஜ் இரண்டையும் போட்டு ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டுக்கும் சேம்பருக்கும் நடுவே தோட்டாவுக்குள்ள இடம்) பார்க்காமல் ஒரு தோட்டாவும் சுடக் கூடாது. கோ கேஜில் போல்ட் மூட வேண்டும், நோ-கோவில் மூடக் கூடாது. குறை, போல்ட் ஓட்டம் சொரசொரப்பு. ஓட ஓடச் சற்றுத் தேறும், டிக்கா அளவுக்கு வராது.

மூன்றின் பேரலும் குரோம்-மாலி எஃகு. மழையில் சுட்டுவிட்டு உறையில் போட்டு மூடினால் துரு ஏறும்.

என் தேர்வு: வாங்கியதை மாற்றாமல் சுடுபவருக்கு டிக்கா. ஒவ்வொரு பாகமாக மேம்படுத்திக்கொண்டே போகிறவருக்கு பெர்கரா.

கானல்
மூன்று லக் நல்லதா இரண்டு லக் நல்லதா என்று இதைப் படிப்பவர்களுக்குக் கேள்வி வரும். தூக்கும் கோணம் குறைந்தால் கை நகரும் தூரம் குறையும். ஆனால் ஃபயரிங் பின் ஸ்பிரிங்கை அழுத்தும் அதே வேலையைச் சிறிய கோணத்துக்குள் முடிக்க வேண்டும், எனவே தூக்கு கனக்கும். கடையில் பத்து முறை வேகமாகத் தூக்கி இழுத்துப் பாருங்கள். ரைஃபிளின் முன்பகுதி எவ்வளவு ஆடுகிறது என்பதுதான் அளவுகோல்.

எட்டுக்கொன்று
தெளிவாகிறது. ஸ்கோப்புக்கு 20 எம்.ஓ.ஏ. ரயில் தேவையா? அது 20 மில் கூடுதல் உயரம் தரும் என்று ஒரு கடையில் சொன்னார்கள்.

கானல்
இல்லை, 20 எம்.ஓ.ஏ. என்பது 5.8 மில். மொத்தம் 26 மில் ஓட்டமுள்ள ஸ்கோப்பைத் தட்டையான ரயிலில் பூட்டினால் மேலே போக ஏறக்குறைய 13 மில் கிடைக்கும். 1000 யார்டுக்கு 9 மில் போதும் என்பதால் தட்டை ரயிலிலும் ஓடும், ஆனால் ஓட்டத்தின் கடைசிப் பகுதிக்கு நெருங்கிவிடுவீர்கள். சாய்வு ரயில் போட்டால் 18 மில் வரை போகலாம். போடுங்கள்.

பூட்டுவதில்தான் பலர் ரைஃபிளைக் கெடுக்கிறார்கள், பிறகு பேரலைக் குறை சொல்கிறார்கள்.

டார்க் ரெஞ்ச் கட்டாயம். ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையத்தின் மூடித் திருகுகள் பொதுவாக 15 முதல் 18 இஞ்ச்-பவுண்டு, அதாவது 2 நியூட்டன் மீட்டர் அளவு. வளையம் ரயிலைப் பிடிக்கும் பெரிய நட்டுக்குப் பல தயாரிப்பாளர்கள் 65 சொல்கிறார்கள், 7.3 நியூட்டன் மீட்டர். உங்கள் வளையத்தின் தாளில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. திருகில் எண்ணெய் தடவினால் அதே டார்க்கில் திருகு இன்னும் அதிகமாக இறுகி ஸ்கோப் குழாயை நசுக்கும், எனவே துடைத்துக் காயவைத்துப் பூட்டுங்கள். மூடியின் இரண்டு பக்க இடைவெளியும் சமமாக வரட்டும். வளையத்தை ரயிலில் வைத்ததும் முன்னோக்கித் தள்ளிப் பிடித்தபடி இறுக்குங்கள். உதைப்பில் ஸ்கோப் முன்பக்கம் நழுவப் பார்க்கும், முன்பே ரயிலின் பல்லில் முட்டியிருந்தால் நகராது.

அடுத்தது சாய்வு. ரெட்டிக்கிள் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு) செங்குத்துக்கு 1 டிகிரி சாய்ந்திருந்தால் 9 மில் உயர்த்தும்போது 0.16 மில் பக்கவாட்டில் போகும். 1000 யார்டில் 14 செ.மீ. எஃப்-கிளாஸ் இலக்கின் நடுவே உள்ள எக்ஸ் வளையத்தின் விட்டமே 5 அங்குலம், 12.7 செ.மீ.தான்! 3 டிகிரி என்றால் 43 செ.மீ. நூல்குண்டு தொங்கவிட்டு ரெட்டிக்கிளை அதோடு ஒட்டிப் பூட்டுங்கள். குமிழ் மட்டம் ஒன்றும் மாட்டுங்கள். மலைச்சரிவில் கண் ஏமாறும், குமிழ் ஏமாறாது.

மூன்றாவது, உயர இலக்குச் சோதனை. 100 மீட்டரை டேப்பால் அளந்து, ஆளுயரக் காகிதத்தில் நூல்குண்டு கோடு போடுங்கள். அடிப்புள்ளியில் ஐந்து குண்டு. ஸ்கோப்பை உயர்த்தும் திருகியான டரெட்டில் 10 மில் ஏற்றி அதே புள்ளியைக் குறிவைத்து இன்னும் ஐந்து. இரண்டு நடுப்புள்ளிக்கும் இடையே சரியாக 100 செ.மீ. இருக்க வேண்டும். 98 வந்தால் டரெட் 2 சதவீதம் குறைவாக நகர்கிறது. 1000 யார்டில் குண்டு 16 செ.மீ. கீழே படும். குண்டின் பாதையைக் கணிக்கும் பாலிஸ்டிக் செயலியில் அந்தத் திருத்தத்தை எழுதிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. எழுதாமல் விட்டால் குண்டின் பி.சி.யைத் திருத்தி இந்தப் பிழையை மறைத்துவிடுவீர்கள், பிறகு வேறொரு தொலைவில் கணக்கு உதைக்கும்.

நீள்குழல்
ஏ.டி-எக்ஸ், டி.ஆர்.ஜி. கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஆக்யூரசி இன்டர்நேஷனலைத் தொடங்கியவர்களில் ஒருவரான மால்கம் கூப்பர் 1984, 1988 இரண்டு ஒலிம்பிக்கிலும் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் தங்கம் வென்றவர். இன்று பலரும் பயன்படுத்தும் ஏ.ஐ.சி.எஸ். மேகசீன் வடிவமும் அந்த நிறுவனத்தின் சேஸிஸ் வழியாக வந்ததுதான். ஏ.டி-எக்ஸில் ஆறு லக், 60 டிகிரி. ரிசீவரின் பக்கத்தில் உள்ள ஒரு திருகைத் தளர்த்தினால் பேரலைக் கையால் கழற்றலாம். பயிற்சிக்கு ஒரு பேரல், போட்டிக்கு ஒன்று, தோட்டா மாற்ற இன்னொன்று என்று வைத்துக்கொள்ளலாம். மாற்றும்போது ஜீரோ (குறியும் குண்டு படும் இடமும் பொருந்தும் அமைப்பு) சற்று நகரும். எவ்வளவு நகர்கிறது என்று எழுதி வைத்துக்கொண்டு, மாற்றிய ஒவ்வொரு முறையும் 100 யார்டில் சுட்டு உறுதி செய்யுங்கள்.

டி.ஆர்.ஜி. 22 மூன்று லக், 60 டிகிரி. ட்ரிகர் இரண்டு கட்டம், அதைவிடத் தெளிவான தொழிற்சாலை ட்ரிகரைக் காட்டுவது கடினம்.

பணத்துக்குக் கிடைப்பது என்ன? குளிரிலும் சேற்றிலும் ஆண்டுக் கணக்கில் மாறாத நடத்தை, பேரல் மாற்றும் வசதி, மறுவிற்பனை மதிப்பு. டிக்கா 1 எம்.ஓ.ஏ. சுட்டால் இவை பத்துக் குண்டுக்கு 0.7 சுடலாம். 1000 யார்டில் வித்தியாசம் 8 செ.மீ. காற்றில் அரை மைல்கூட ஆகாது. முதல் ரைஃபிள் வாங்குபவருக்கு அந்தப் பணம் ஸ்கோப்பிலும் 2000 தோட்டாவிலும் போனால் பலன் அதிகம்.

வெண்புள்ளி
அந்த 2000-இல் ஒரு பகுதியை .22-க்குத் திருப்புங்கள். டிக்கா டி1எக்ஸ் அதே ட்ரிகர், அதே ஸ்டாக் அமைப்பு. பெர்கராவுக்கு பி-14ஆர் இருக்கிறது. .22 எல்.ஆர். 200 யார்டில் காற்றுக்கு ஆடும் ஆட்டம், பெரிய தோட்டாவின் நீள்தொலைவுப் பயிற்சியை மலிவாகத் தரும்.

எட்டுக்கொன்று
டிக்கா டாக் ஏ1 என்று முடிவு செய்கிறேன். கடைசிக் கேள்வி: முதல் 200 தோட்டாவை எப்படிச் செலவழிப்பது?

மணற்பை
பத்துப் பெட்டியும் ஒரே லாட் எண்ணில், அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதியில் வாங்குங்கள். லாட் மாறினால் வேகம் மாறும், இதுவரை அளந்ததெல்லாம் வீண்.

முதல் 20 ஜீரோவுக்கும் ஸ்கோப் இறுக்கத்தைச் சோதிக்கவும். சுட்டு முடித்ததும் எல்லாத் திருகையும் மறுபடி டார்க் பாருங்கள். அடுத்த 10 கானல் சொன்ன உயர இலக்குச் சோதனைக்கு. பிறகு நூறு தோட்டா வரை நிலைப் பயிற்சியாகச் சுடுங்கள், செயலிக்காக இப்போதே வேகம் அளக்க வேண்டாம். புதுப் பேரல் முதல் 100, 150 தோட்டாவில் விநாடிக்கு 30 முதல் 80 அடி வரை வேகம் கூட்டிக்கொள்ளும். புதிதில் அளந்த எண்ணை வைத்து 1000 யார்டு போனால் எல்லாம் மேலே போகும்.

150-க்குப் பிறகு குண்டின் வேகத்தை அளக்கும் ராடார் குரோனோகிராஃபில் 20 குண்டு அளந்து பாருங்கள். பேரலில் கட்டும் வகை வேகத்தைச் சரியாகக் காட்டும், ஆனால் கட்டியிருக்கும்போது குண்டு படும் இடம் நகரும், குரூப்பை அப்போது மதிப்பிடாதீர்கள். ஐந்து குண்டில் எஸ்.டி. (வேகத்தின் திட்ட விலக்கம்) 8 என்று வந்தால் உண்மை அளவு 5 முதல் 23 வரை எங்கும் இருக்கலாம். இருபது குண்டில் அதே 8 வந்தால் 6-க்கும் 12-க்கும் நடுவில். 20 அடி வேக வித்தியாசம் 1000 யார்டில் 13 செ.மீ. மேல்-கீழ். தகட்டில் அது தெரியாது, காகிதத்தில் ஒரு வளையம் போய்விடும். சூடேறிய சேம்பரில் தோட்டாவைக் காக்க வைக்காதீர்கள். வெடிமருந்து சூடாகி அடுத்த குண்டு உயரப் போகும். காற்றுக்காகக் காத்திருக்கும்போது போல்ட்டைத் திறந்து, தோட்டாவை வெளியே வையுங்கள்.

இன்னும் சில நூறு சுட்டபின் போல்ட் திடீரென்று கனத்தால், வேகம் காரணமின்றி எகிறினால், சேம்பரில் தோட்டாக் கூட்டின் வாய்க்குச் சற்று முன்னால் கரி வளையம் படிந்திருக்கும். சாதாரண எண்ணெய்த் துணிக்கு அது அசையாது. கரி கரைப்பானை ஊறவைத்து, நைலான் பிரஷால் அந்த இடத்தை மட்டும் தேய்க்க வேண்டும். மசில் (பேரலின் முன்வாய்) பக்கமிருந்து கம்பியை நுழைக்காமல், கம்பியை நேராக வழிநடத்தும் போர் கைடு போட்டுப் பின்பக்கமிருந்தே செய்யுங்கள்.

மீதியுள்ள தோட்டாவை 700, 800 யார்டில், காற்று அடங்கிய காலை வேளையில் செலவழியுங்கள். தகட்டின் நடுவில் கிடைமட்டமாக ஒரு பட்டைக் கோடு வரைந்து, செயலி சொன்ன உயரத்தில் பத்துக் குண்டு. நடுப்புள்ளி கோட்டுக்கு மேலோ கீழோ இருந்தால் செயலியில் முதலில் வேகத்தைத்தான் திருத்த வேண்டும், பி.சி.யை அல்ல. பி.சி. திருத்தம் குண்டு ஒலிவேகத்தை நெருங்கும் தொலைவுக்கு மட்டும். 6.5-க்கு அது 1200 யார்டுக்கு அப்பால்தான் வரும். திருத்திய வேகம் குரோனோகிராஃப் எண்ணிலிருந்து 25, 30 அடிக்கு மேல் விலகினால் அதை ஏற்காதீர்கள். 100 யார்டு ஜீரோவையும், ஸ்கோப் மையத்துக்கும் பேரல் மையத்துக்கும் உள்ள உயரத்தையும் மறுபடி அளந்து பாருங்கள். பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும்.